பல்கலைக்கழக ஆசிரியரும் பதவிப் படிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தம் உழைப்பால் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, ஆண்டுதோறும் கற்றோர் கூடி ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்கவும் சிந்திக்கவும் வழிசெய்வது, அன்னசத்திரம் அமைப்பதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்த தருமம் அன்று. அத்தருமத்தின் பயனாக இன்று உங்கள் முன் நின்று பேசும் பாக்கியத்தை எனக்கு அளித்த, இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், என்னை அழைத்த துறையினருக்கும் என் மனமார்ந்த வந்தனத்தை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். இத்தகைய மேடைகளில் இலக்கியத்தைப் பற்றியோ சரித்திரத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். அவற்றையெல்லாம் கற்பிக்கவும் ஆராயவும் கடமைப்பட்ட ஆசிரியரின் உத்தியோக வாழ்க்கையைப் பற்றி, அதிலும் அவ்வாழ்க்கை பாதிவழியில் தேங்கி நின்றுவிடுவதைப் பற்றி, நாம் தனிப்பட்ட முறையில் வருந்திப் பேசுகிறோமேயன்றிப் பொது அவையில் வைத்து ஆராய்வதில்லை. ஆகவே அதனையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முப்பது வயதில் முனைவர் பட்டத்தோடும் குறையாத உற்சாகத்தோடும் பணியில் சேர்ந்த ஓர் உதவிப் பேராசிரியரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதற் சில ஆண்டுகள் அவர் இரவு நெடுநேரம் விழித்திருந்து பாடக்குறிப்பு எழுதுகிறார்; தம் ஆய்வேட்டை விரித்து நூலாக்க வேண்டுமென்று திட்டமிடுகிறார்; மாணவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மறுநாள் நூலகத்தில் தேடிக்கொண்டு வருகிறார். நாற்பத்தைந்தாம் வயதில் அவரைச் சந்திக்கும்போது, எழுதிய குறிப்பே வகுப்புக்குப் போதுமென்று ஆகிவிட்டது. நூல் திட்டமாகவே நின்றுவிட்டது. விடைத்தாள் திருத்துவதும், சேர்க்கைப் பணியும், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்குக் கோப்புகளை ஆயத்தம் செய்வதும் அவருடைய பொழுதை விழுங்குகின்றன. பதவி உயர்வுக்கு அவர் கொடுத்த விண்ணப்பமோ எந்த மேசையில் இருக்கிறதென்றே தெரியவில்லை. அவர் சோம்பேறி அல்லர். அறிவிற் குறைந்தவரும் அல்லர். அப்படியிருந்தும் அவருக்குள் ஏதோ ஒன்று அணைந்திருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. பதவிகள் குறைவு என்பர் சிலர். வேலைப்பளு என்பர் சிலர். செல்வாக்கில்லாதவனுக்கு உயர்வில்லை என்பர் வேறு சிலர். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் அடியில் மற்றொரு காரணம் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் எழுதியதைத் துறையில் வல்லவர் ஒருவரேனும் முழுவதும் படித்து, இது நன்று, இது தவறு, இதனை மேலும் ஆராய்க என்று அவரிடம் சொன்னதில்லை. அவர் வகுப்பில் மூத்தவர் ஒருவரேனும் அமர்ந்து அவர் பாடம் சொல்லும் முறையைக் கேட்டதில்லை. பதவித் தேக்கத்தை நீக்க நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விதிகளைச் செய்து வருகிறோம். ஆனால் ஆசிரியரின் உழைப்பை யாரேனும் படித்தாக வேண்டும் என்பதை மட்டும் அவ்விதிகளில் உறுதிப்படுத்தத் தவறிவிட்டோம். இதுவே நான் இன்று நிலைநாட்ட விரும்பும் கருத்து.

படிகள் வந்த வரலாறு

சென்னைச் சர்வகலாசாலை 1857இல் தோன்றியபோது அது பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளின் காரியமாக இருந்தது. சர்வகலாசாலையே பேராசிரியர்களை நியமித்து ஆராய்ச்சியை வளர்க்க முற்பட்டது 1914ஆம் ஆண்டையொட்டித்தான். இந்திய சரித்திரத்துக்கு எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் அப்போது பேராசிரியரானார். ஒரு துறைக்கு ஒரு பேராசிரியர், அவருக்குக் கீழே சிலர் என்ற அமைப்பு அக்காலத்துக்குப் பொருந்தியது. ஏனெனில் துறைகளும் சிறியவை, ஆட்களும் சிலரே.

சுதந்திரத்துக்குப் பின் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழு, நம் ஏ. லட்சுமணசாமி முதலியாரையும் உறுப்பினராகக் கொண்டிருந்தது. 1949இல் அக்குழு அளித்த அறிக்கை பேராசிரியர், ரீடர், விரிவுரையாளர் முதலிய தரங்களாக ஆசிரியரைப் பிரித்து, ஒரு தரத்திலிருந்து மறு தரத்துக்கு உயர்வு தகுதியொன்றையே கருதி அளிக்கப்பட வேண்டும் என்றும், கீழ்ப் பதவிகளுக்கும் மேற்பதவிகளுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. தகுதியைச் சொன்னது உயர்ந்த கொள்கை. ஆனால் இடங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கும்போது, தகுதியுள்ள ஒருவர் உயர வேண்டுமானால் மேலே இருப்பவர் ஓய்வு பெறவோ வேறிடம் போகவோ வேண்டும் என்பதும் அவ்வமைப்பிலேயே அடங்கியிருந்தது.

அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் புதிய பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் விரைந்து பெருகின. மதுரையில் 1966இல் ஒன்று தோன்றியது. 1982இல் கோவையிலும் திருச்சியிலும் பாரதியார் பெயராலும் பாரதிதாசன் பெயராலும் இரண்டு தோன்றின. பெருக்கக் காலத்தில் ஏறத்தாழ ஒரே வயதினர் ஒரே சமயத்தில் பணியில் சேர்வர். மேற்பதவியைப் பெற்றவரும் பெறாதவரும் சேர்ந்தே மூப்படைவர். ஆகவே விரிவுரையாளராகச் சேர்ந்து விரிவுரையாளராகவே ஓய்வு பெறும் நிலை, திறமை குறைந்தவருக்கு மட்டுமின்றித் திறமை மிக்கவருக்கும் வந்தது.

இதைப் போக்கும் பொருட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 1983இல் தகுதிவழிப் பதவி உயர்வுத் திட்டமொன்றைக் கொண்டுவந்தது. ஒரு பதவியில் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தவரின் உழைப்பை மதிப்பிட்டு, காலியிடம் இல்லாவிட்டாலும் அவரை உயர்த்தலாம் என்பது அதன் சாரம். ஆனால் அப்படி உயர்ந்தவரின் பதவி அவருக்கே உரிய தனிப்பட்ட பதவியாகக் கருதப்பட்டதால், நேரடியாக நியமனம் பெற்றவருக்கும் இவருக்கும் இடையே மூப்புரிமை வழக்குகள் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1987இல் நாடெங்கும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இந்த உயர்வையும் ஊதியத்தையும் பற்றியே. 1986 ஜனவரி முதல் தேதியைக் கணக்கிட்டு வந்த பணி மேம்பாட்டுத் திட்டம் படிநிலைகளைக் காலத்தோடு பிணைத்தது. 1998ஆம் ஆண்டு விதிகள் பேராசிரியப் பதவி வரை அதனை நீட்டின.

இன்று நடைமுறையில் உள்ள 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த ஒருவர் நான்கு, ஐந்து, மூன்று, மூன்று என்ற ஆண்டுக் கணக்கில் படிகளைக் கடந்து பதினைந்து ஆண்டுகளிற் பேராசிரியராகலாம். காலியிடத்துக்குக் காத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஒருவாறு நீங்கியது. இது சிறிய முன்னேற்றம் அன்று. இதற்காகப் போராடிய தலைமுறையினரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

எண் ஆண்ட காலம்

காலம் கடந்தால் உயர்வு என்று ஆனவுடன், தகுதியை எங்ஙனம் அறிவது என்ற கேள்வி எழுந்தது. தேர்வுக் குழுவின் அபிப்பிராயத்துக்கு விட்டுவிடலாம் என்றால், நம் நாட்டில் அந்த அபிப்பிராயம் சாதியாலும் சிபாரிசாலும் பணத்தாலும் வளைக்கப்படுவதை எல்லோரும் அறிவர். எவருடைய தயவும் இல்லாமல் ஒருவர் தம் உழைப்பை எண்ணிக் காட்டி, எனக்கு இவ்வளவு உண்டு என்று நியாயம் கேட்கத்தக்க ஓர் அளவுகோல் வேண்டும் என்ற நினைவு, அடிப்படையில் நல்ல நினைவே. அந்த நினைவிலிருந்து பிறந்ததுதான் 2010ஆம் ஆண்டு விதிகள் கொணர்ந்த மதிப்பெண் முறை, அதாவது ஏபிஐ என்று நாம் வழங்குவது.

அம்முறையில் மதிப்பாய்வுக்கு உட்பட்ட ஆய்விதழில் வந்த கட்டுரைக்கு 15 மதிப்பெண். சர்வதேசப் பதிப்பகம் வெளியிட்ட நூலைத் தனியாக எழுதியவருக்கு 50. தேசியப் பதிப்பகமானால் 25. உள்ளூர்ப் பதிப்பகமானால் 15. இந்த வரிசையைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பத்து ஆண்டுகள் ஏடுகளோடு உழன்று ஒருவர் பதிப்பித்து, சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்ட 600 பக்க நூலும், மற்றொருவர் ஒரு மாதத்தில் எழுதி முடித்த பத்துப் பக்கக் கட்டுரையும் ஒரே எடையாக நின்றன. நூலில் என்ன இருக்கிறதென்று எவரும் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அம்முறையில் இல்லை. அட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணும் பதிப்பகத்தின் பெயருமே போதுமானவை. நெல்லைக் கையிலெடுத்து மணியை உரித்துப் பாராமல் மூட்டைகளை மட்டும் எண்ணி விலை தீர்ப்பவனுக்குப் பதரைக் கட்டி விற்பவன் தோன்றுவது இயல்புதானே?

அப்படியே தோன்றினான். பணம் பெற்றுக்கொண்டு, எதனையும் ஆராயாமல், சில நாட்களிற் கட்டுரையை அச்சிட்டுத் தரும் போலி ஆய்விதழ்கள் மலிந்தன. அவற்றைக் களைய 2017இல் மானியக் குழு தானே ஒரு பட்டியலை வெளியிட்டது. மறு ஆண்டு மே மாதத்தில் அப்பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அந்த இதழ்களில் எழுதியோர் அனைவரும் வஞ்சகர் அல்லர். பெரும்பான்மையோர், யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றை, எண்ணிக்கைக்கு வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால் எழுதியவர்கள். தம் பெயரால் வெளிவரும் எழுத்து யாராலும் படிக்கப்படாது என்று அறிந்தே ஒருவர் எழுதத் தொடங்கினால், அவருடைய அறிவு வாழ்க்கைக்கு நேரும் கேடு பதவித் தேக்கத்தினும் கொடியது. பதவியில் நின்றுவிட்டவர் மீண்டும் நடக்கக்கூடும்; எழுத்தின்மேல் நம்பிக்கை இழந்தவரை மீட்பது அரிது.

2018இல் மதிப்பெண் முறை பெரிதும் சுருக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அதன் ஆன்மா மாறவில்லை. கற்பித்தலை அவ்விதிகள் எவ்விதம் மதிப்பிடுகின்றன தெரியுமா? ஒருவருக்கு ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்திருந்தால் ‘நன்று’. 70க்குக் குறையாமல் எடுத்திருந்தால் ‘திருப்தி’. அதற்கும் கீழானால் ‘திருப்தியில்லை’. வகுப்புக்குச் சென்றாரா என்பது கேள்வி. சென்று என்ன செய்தார் என்பது கேள்வியன்று. முப்பது ஆண்டுகள் மாணவர் நெஞ்சில் ஒரு பாடத்தை விதைத்தவரும், முப்பது ஆண்டுகள் ஒரே குறிப்பை ஒப்பித்தவரும் இந்த அளவையில் ஒருவரே. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிகள் எண்ணிக்கையைத் தளர்த்தி, ஒன்பது வகையான குறிப்பிடத்தக்க பங்களிப்புகளிற் குறைந்தது நான்கினைக் காட்ட வேண்டும் என்கின்றன. இந்திய மொழிகளிற் கற்பிப்பதை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அப்பங்களிப்பை யார் படித்து, எப்படி, யாருக்குப் பொறுப்பாக மதிப்பிடுவார் என்பது தீராதவரை, வகைகள் மாறும், வழக்கம் மாறாது.

ஒரு பண்டிதரின் சான்று

பதவி உயர்வே உழைப்புக்கு ஆதாரம் என்பாருக்கும், உயர்வில்லாவிட்டால் உழைப்பும் இராது என்பாருக்கும், நம் சரித்திரத்திலேயே ஒரு பெரிய மறுமொழி இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்து, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919இல் ஓய்வு பெற்றார். தமிழ்ப் பண்டிதர் என்பது அக்காலத்தில் ஆங்கிலத்திற் கற்பிக்கும் பேராசிரியருக்கு ஊதியத்தாலும் கௌரவத்தாலும் மிகத் தாழ்ந்த ஸ்தானம். அதற்கு மேலே ஏறுவதற்குப் படியே கிடையாது. இன்றைய கணக்கில் அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேங்கி நின்றவர். அந்த ஆண்டுகளிலேதான் 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பில் வெளிவந்தன.

இதனைக் கேட்டவுடன், உண்மையான அறிஞனுக்குப் பதவியும் பணமும் எதற்கு என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒரு மகானின் தியாகத்தைக் காட்டி மற்றவரின் நியாயமான ஊதியத்தை மறுப்பது அறமன்று. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அவருக்குப் படிகள் இல்லை. ஆனால் படிப்பவர்கள் இருந்தார்கள். கும்பகோணத்தில் முனிசீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சாமிநாதையர் அறியாத சிந்தாமணியைப் பற்றிக் கேட்டு, ஏட்டுப் பிரதியையும் அளித்து, தாமே உடனிருந்து பாடம் கேட்டார். அவ்வூர்ச் சைனர்கள் அந்நூலிலுள்ள தம் சமயக் கருத்துகளைத் தெளிவுறுத்தினார்கள். மணிமேகலையிற் பௌத்த விஷயங்கள் புலப்படாதபோது, அதே கல்லூரியில் வேறு துறையிற் பணிபுரிந்த மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் விளக்கினார். பாரிஸிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் கடிதம் எழுதினார். ஐயம் எழுப்புவாரும், பாராட்டுவாரும், கடுமையாகக் கண்டித்து எழுதுவாரும் அவரைச் சுற்றி இருந்துகொண்டே இருந்தனர். பதவியால் தேங்கிய ஒருவரை அறிவால் தேங்காமற் காத்தது இந்தக் கூட்டம்.

இன்றைய கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் எழுதுவது என்ன என்று பக்கத்து அறையிலுள்ள கணித ஆசிரியருக்குத் தெரிகிறதா? ஒரே துறைக்குள் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து விவாதிக்கும் வழக்கம் எத்தனை இடங்களில் எஞ்சியிருக்கிறது? அந்த வழக்கம் இல்லாத இடத்தில் பதவிகளை எவ்வளவு அதிகப்படுத்தினாலும், உயர்ந்த பதவியில் அமர்ந்தபடியே தேங்குவோரை நாம் உண்டாக்குவோமேயன்றித் தேக்கத்தை நீக்கமாட்டோம்.

முதற்படியே இல்லாதவர்

படிகளைப் பற்றிப் பேசும்போது, முதற்படியிற்கூடக் கால் வைக்க இடமில்லாதவர்களை மறப்பது பெரும் பாவம். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர், நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே பாடத்தை, அதே மாணவருக்கு, அதே கட்டிடத்தில் எடுத்துவருகின்றனர். பலர் முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுச் சான்றிதழும் உடையவர். அவர்களுக்கு உத்தியோக மூப்பு இல்லை. மேம்பாட்டுத் திட்டம் இல்லை. ஆய்வுக்கு விடுப்பும் இல்லை. நிரந்தர நியமனத்துக்கான தேர்வுகள் பல ஆண்டு இடைவெளியில் வருவதால், வாய்ப்புக் கிட்டும்போது பலருக்கு நாற்பது வயது கடந்துவிடுகிறது. அரசுக் கல்லூரியில் ஓய்வு வயது அறுபது. நாற்பத்திரண்டில் முதற்படி ஏறுபவர், எந்தத் தாமதமும் இன்றி ஒவ்வொரு படியையும் உரிய நாளிற் கடந்தாலும் ஐம்பத்தேழில்தான் பதினைந்து ஆண்டுகளை நிறைவு செய்ய இயலும். ஒரு கோப்பு மூன்று ஆண்டுகள் தூங்கினாற் போதும், அவருடைய பணிக்காலமே முடிந்துவிடும்.

கோப்புகள் தூங்குவதற்குக் காரணங்களும் அற்பமானவை அல்ல. பல்கலைக்கழகத்தில் தேர்வுக் குழுவுக்குத் தலைமை வகிக்க வேண்டியவர் துணைவேந்தர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் அப்பதவி காலியாகிப் பல காலம் நிரப்பப்படாமல் இருந்ததையும், வேறு பல பல்கலைக்கழகங்களும் அவ்விதமே நின்றதையும் நாம் கண்டோம். துணைவேந்தர் நியமனத்தைப் பற்றிய மேலிடத்து வழக்குகளும் பிணக்குகளும் எவ்வளவு முக்கியமானவையாயினும், அவற்றின் சுமை இறுதியில் இறங்குவது, அவற்றோடு சம்பந்தமே இல்லாத ஓர் உதவிப் பேராசிரியரின் தோளில்தான்.

செய்யத்தக்கவை

குறையை மட்டும் சொல்லி அமர்வது சொற்பொழிவாளனுக்கு எளிது. கேட்போருக்குப் பிரயோஜனம் இராது. ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவர் தம் எழுத்துகளின் நீண்ட பட்டியலைத் தருவதற்குப் பதில், தாம் மிகச் சிறந்தவை என்று கருதும் இரண்டை மட்டும் தர வேண்டும். வேறு மாநிலத்தைச் சேர்ந்தவர் ஒருவர் உட்பட வெளியாட்கள் இருவர் அவற்றை முழுவதும் படித்து, காரணங்களோடு எழுத்துப்பூர்வமான அபிப்பிராயம் அளிக்க வேண்டும். அந்த அபிப்பிராயம் விண்ணப்பதாரருக்குக் காட்டப்பட வேண்டும். அதற்கு அவர் பதில் எழுத உரிமை இருக்க வேண்டும். எண்ணும் முறை வந்தது பாரபட்சத்துக்கு அஞ்சித்தான் என்று முன்னரே சொன்னேன். பாரபட்சம் வாழ்வது மறைவில். கையெழுத்திட்ட, எல்லோரும் பார்க்கத்தக்க காரணத்தின் முன் அது எளிதில் நிற்பதில்லை. உயர்வு மறுக்கப்பட்டாலுங்கூட, அடுத்த ஐந்து ஆண்டுகளில் என்ன செய்ய வேண்டும் என்று அவ்வாசிரியருக்கு ஒரு வழி தெரியும்.

இரண்டாவது, கற்பித்தலை மதிப்பிட, மூத்த ஆசிரியர் ஒருவர் ஒரு பாடப்பகுதி முழுவதும் வகுப்பில் மாணவரோடு அமர்ந்து கேட்க வேண்டும். சோதனையாளராக ஒரு மணி நேரம் வந்து போவதிற் பயனில்லை. உடன்கற்பவராக இருந்து, பின்னர் தனித்துப் பேச வேண்டும். கேட்கும் மூத்தவரும் இதனால் பயனடைவார்.

மூன்றாவது, ஆண்டுக்கு இருமுறை குறித்த மாதங்களில் தேர்வுக் குழு கூடியே தீர வேண்டும் என்பதும், துணைவேந்தர் இல்லாதபோது அக்குழுவுக்கு யார் தலைமை வகிப்பார் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நான்காவது, அவகாசம். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1913 முதல் கல்லூரிகளிற் பாடம் சொல்லி, 1929இல் சென்னைச் சர்வகலாசாலைப் பேராசிரியரான பின், சோழர் வரலாற்றை 1935இலும் 1937இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அந்த நூலுக்கு அவருடைய மேதை காரணம். சர்வகலாசாலை அவருக்கு அளித்த அவகாசமும் காரணம். இன்றைய விதிகளில் ஏழாண்டுக்குப் பின் ஓராண்டு ஆய்வுக்கென முழு விடுப்பு அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழாண்டு பணிபுரிந்தவருக்கே அது உரியது. ஏறிவிட்டவருக்கு இளைப்பாற இடம் தருகிறோம். ஏற முயல்பவருக்குத் தருவதில்லை. பணியில் பத்து ஆண்டுகள் நிறைந்த எந்த ஆசிரியருக்கும், பதவி எதுவாயினும், ஓர் அரையாண்டு தர வேண்டும். தேக்கம் தொடங்குவது அந்தப் பருவத்தில்தான்.

ஐந்தாவது, கௌரவ விரிவுரையாளரின் பணிக்காலம், அவர் நிரந்தர நியமனம் பெறும் நாளில், முதற்படியின் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டும். உழைத்த ஆண்டுகளை இல்லையென்று சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.

இவற்றுட் பெரும்பாலானவை அரசும் மானியக் குழுவும் மனம் வைத்தாலன்றி நடவாதவை. ஆனால் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் நாமே செய்யத்தக்கது ஒன்று உண்டு. இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும், வரும் கல்வியாண்டு முடிவதற்குள், தம் துறையில் தம்மினும் இளையவர் ஒருவர் எழுதிய ஒரு கட்டுரையை முதலெழுத்திலிருந்து இறுதி எழுத்து வரை படித்து, அதைப் பற்றித் தமக்குத் தோன்றியதை இரண்டு பக்கத்தில் எழுதி அவர் கையிற் கொடுக்க வேண்டும். புகழ்ச்சி வேண்டியதில்லை, தவறிருந்தால் தவறென்று எழுதுங்கள். அறிவுத் துறையில் ஒருவருக்கு மற்றொருவர் செய்யக்கூடிய மரியாதைகளுள் தலையாயது அவர் எழுதியதைக் கருத்தூன்றிப் படிப்பதே. பதவி உயர்வு அந்த மரியாதையின் விளைவாக வரட்டும். அதற்குப் பதிலாக வர வேண்டாம்.